வெற்றியா, தோல்வியா? - ஓர் ஏவுகணைச் சோதனையை எடை போடுவது எப்படி?



சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ராக்கெட் வாணம் புதிதல்ல. ஆனால் சென்ற தீபாவளி இரவில், வத்திராயிருப்பில் எங்கள் தெருவில் விட்ட ஒரு ராக்கெட்டைப் பற்றி நடந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் பாட்டிலில் வைத்துத் திரியைப் பற்ற வைத்தான். ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. தென்னை உயரம் தாண்டியதும் மேற்கே சாய்ந்தது. யாரோ ஒருவருடைய வைக்கோல் படப்புக்கு மேலே போய், பச்சையும் சிவப்புமாக அழகாக வெடித்தது. நல்லவேளை, படப்பு நனைந்திருந்தது.

"சூப்பர்! சக்ஸஸ்!" என்று கத்தினான் அவன்.

"என்னண்ணே சக்ஸஸ்? கண்மாய்ப் பக்கம் போக வேண்டியது படப்புக்கு மேலே போச்சு. ஃபெயில்!" என்றான் அவன் தம்பி.

"வெடிச்சுதுல்ல? அதுதான் வேணும்."

இருவரும் என்னிடம் வந்து நியாயம் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே, எதிர் வீட்டிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி கேட்டாள்: "அண்ணே, அது எங்கே போகணும், என்ன செய்யணும்னு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி சொன்னீங்களா?"

இருவரும் விழித்தார்கள். ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, கல்லூரியில் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் நான் சொல்ல வேண்டிய பதிலை அந்தச் சிறுமி ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாள். செய்தித்தாளில் "ஏவுகணைச் சோதனை வெற்றி" என்றோ, "தோல்வி" என்றோ படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் பெரிய பெரிய வல்லரசுகளே இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கின்றன.

முதலில், இந்த வகை ஏவுகணை என்பது என்ன? மாங்காய் அடிக்கக் கல் எறிகிறீர்கள். கல் உங்கள் கையில் இருக்கும் அந்தக் கண நேரம் மட்டுமே நீங்கள் அதற்கு விசை கொடுக்கிறீர்கள். கையை விட்டதும் அது புவியீர்ப்பின் வசம். எறிபாதை ஏவுகணையும் அப்படித்தான். முதல் சில நிமிடங்கள் மட்டுமே அதன் எந்திரங்கள் எரிகின்றன. பிறகு அது எறியப்பட்ட கல். மேலே போய், வளைந்து, கீழே விழ வேண்டியதுதான். ஆகவே எந்திரம் அணையும் கணத்தில் அதன் வேகமும் திசையும் என்ன என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

இது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பூமியைத் தட்டையாகவும் காற்று இல்லாததாகவும் வைத்துக்கொண்டால், 45 பாகைக் கோணத்தில் எறிந்த பொருள் போகும் தூரம், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 1000 கி.மீ. தூரம் போக வேண்டுமானால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3.1 கி.மீ. இருக்க வேண்டும். இந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால்? வர்க்கம் அல்லவா, தூரத்தில் நூற்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும். அதாவது 20 கி.மீ. வத்திராயிருப்பைக் குறி வைத்தது ஏறத்தாழ ஸ்ரீவில்லிபுத்தூரில் விழும்! எந்திரங்கள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன, புகையும் நெருப்பும் கண்கொள்ளாக் காட்சி, ஆனாலும் குறி தப்பிவிட்டது. இது வெற்றியா, தோல்வியா? பார்த்தீர்களா, வழக்கு எப்படித் தொடங்குகிறது என்று!

இனி நம் நாட்டுக் கதை ஒன்று. 1979 ஆகஸ்டு 10. காலை 7 மணி 58 நிமிடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்ற ராக்கெட் கிளம்பியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். நான்கும் திட எரிபொருள். சிறிய ரோகிணி துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் விடுவதே அதன் வேலை. திட்ட இயக்குநர் யார் தெரியுமா? நம் ராமேசுவரத்துக்காரர், அப்துல் கலாம்.

"இது துணைக்கோள் ஏவும் ராக்கெட் அல்லவா, ஏவுகணை பற்றிப் பேசும்போது இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் கட்டமே பத்தாண்டுகள் கழித்து அக்னி ஏவுகணைக்கும் முதல் கட்டமாக அமைந்தது. இரண்டுக்கும் அடிப்படைப் பௌதிகம் ஒன்றுதான்.

முதல் கட்டம் ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. இரண்டாம் கட்டம் பற்றியது. அவ்வளவுதான், ராக்கெட் கட்டுப்பாடு இழந்து புரளத் தொடங்கியது. உயரமும் குறைந்தது, வேகமும் குறைந்தது. கிளம்பிய 317-ஆம் வினாடியில், ஏவுதளத்திலிருந்து 560 கி.மீ. தள்ளி, துணைக்கோளையும் சேர்த்து வங்கக் கடலில் விழுந்தது.

ஏன் விழுந்தது? ராக்கெட்டிலிருந்து வானொலி அலைகள் வழியே வந்த அளவீடுகளை வைத்து விஞ்ஞானிகள் துப்பறிந்தார்கள். இரண்டாம் கட்டத்தை நேராக நிறுத்தி வைக்கும் சிறு உந்துவிசைக் கருவிகளுக்கு இரண்டு திரவங்கள் வேண்டும். ஒன்று எரிபொருள். மற்றொன்று அதை எரிய வைக்கும் புகையும் செந்நைட்ரிக் அமிலம். கிளம்புவதற்கு 8 நிமிடம் இருக்கும்போது கொடுத்த கட்டளையில் திறந்த ஒரு வால்வு, மாசு அடைத்துக்கொண்டதால் மறுபடி மூடவில்லை. அமிலம் கசிந்து தீர்ந்துபோயிற்று. மேலே போனபின் "திருப்பு!" என்று கட்டளை வந்தபோது எரிபொருள் மட்டுமே பாய்ந்தது. அமிலம் இல்லை, விசையும் இல்லை. 17 டன் ராக்கெட்டைக் கவிழ்த்தது கண்ணுக்குத் தெரியாத அளவு அழுக்கு!

இப்போது தீர்ப்புக்கு வருவோம். துணைக்கோள் சுற்றுப்பாதையில் இல்லை, கடலில் இருக்கிறது. ஆகவே தோல்வி என்றார்கள் பலர். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமோ, இன்றுவரை தன் வரலாற்றில் இதைப் "பகுதி வெற்றி" என்றே எழுதுகிறது. முதல் கட்டம் வேலை செய்தது, கட்டங்கள் பிரிந்தன, கணினிகளும் தரை நிலையங்களும் சோதிக்கப்பட்டன என்பது அவர்கள் கட்சி.

யார் சொல்வது சரி? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். "துணைக்கோள் போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டால் அது தோல்விதான், மழுப்புவதற்கு இடமில்லை. "இந்தியாவில் செய்த முதல் கட்டம் நம்பத் தகுந்ததா?" என்று கேட்டால் வெற்றி. இரண்டு கேள்வி, இரண்டு விடை. "பகுதி வெற்றி" என்ற சொல் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நேர்மையான சொல். இரண்டாவதை மட்டும் சொல்லி முதலாவதை விழுங்கினால் அது ஏமாற்று.

அன்று விழுங்கவில்லை. நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்களைத் தாமே சந்தித்து, பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டார் என்று கலாம் பிற்காலத்தில் எத்தனையோ மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். மறு ஆண்டு, 1980 ஜூலை 18 அன்று, அடுத்த எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. அப்போது "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பினாராம் தவன்.

அக்னி ஏவுகணையிலும் இதே பாடம் வேறு விதமாக வந்தது. 1989 ஏப்ரல் 20 அன்றும் மே 1 அன்றும் கிளம்ப வேண்டியது, கடைசி வினாடிகளில் குறை தெரிந்து நிறுத்தப்பட்டது. "ஏவுகணை எழும்பவே இல்லையே" என்று ஊரெல்லாம் கேலி. யோசித்துப் பாருங்கள்: குறையைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்காகவே வைத்த கணினி, குறையைக் கண்டுபிடித்து நிறுத்தியது. அது தோல்வியா? மே 22 அன்று அக்னி பறந்தது. அன்றைய முக்கியமான கேள்வி ஒன்று, "காற்று மண்டலத்துக்குள் மறுபடி நுழையும்போது உண்டாகும் சில ஆயிரம் டிகிரி வெப்பத்தை, நாம் செய்த கார்பன் கலப்பு மூக்குப் பகுதி தாங்குமா?" என்பது. தாங்கியது. அடுத்த சோதனை 1992 மே 29-இல் நடந்தது, அது தோற்றது. 1994 பிப்ரவரி 19-இல் நடந்த மூன்றாவது சோதனை வென்றது.

பின்னால் வந்த அக்னி-3 ஏவுகணையின் கதை இன்னும் சுருக்கம். 3000 கி.மீ.க்கு மேல் போக வேண்டிய அது, 2006 ஜூலை 9-இல் நடந்த முதல் சோதனையில் ஒடிசாக் கரையோரத் தீவிலிருந்து நன்றாகவே எழும்பியது. ஆனால் இரண்டாம் கட்டத்தில் கோளாறாகி, இலக்குக்கு வெகு முன்னரே கடலில் விழுந்தது. அடிப்பகுதியில் சூடான வாயுக்கள் எதிர்பாராத விதமாகத் திரும்பிச் சுழன்று உள்ளே சேதம் செய்தன என்று ஆய்வில் தெரிந்தது. வெப்பக் காப்பைத் திருத்தினார்கள். 2007 ஏப்ரல் 12-இல் மறுபடி ஏவினார்கள், வெற்றி. "ஏவப்பட்டது" என்பதும் "வெற்றி பெற்றது" என்பதும் ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல என்பதை இங்கே கவனியுங்கள். செய்தித் தலைப்புகளில் இவை அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சரி, ஏவியவர்கள் வாயைத் திறக்காவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? சில சமயம் வானமே காட்டிக் கொடுத்துவிடும். 2009 டிசம்பர் 9, விடியற்காலை. நார்வே நாட்டின் வட பகுதி மக்கள் வானத்தில் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். வெள்ளை ஒளியில் ஒரு பிரமாண்டமான சுருள், நம் வீட்டுச் சங்குச் சக்கரம் போல, ஆனால் வானத்தில் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டு! வேற்றுக் கிரக மனிதர்கள் வந்துவிட்டார்கள் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். பௌதிகம் தெரிந்தவர்களுக்கு அது ஒரு வாக்குமூலம். ஏதோ ஒரு ராக்கெட் நிலைகுலைந்து தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் புகை, தோட்டத்தில் சுழலும் நீர்த்தெளிப்பான் போலச் சுருளாக விரிகிறது. தரையில் இன்னும் இருட்டு, ஆனால் அவ்வளவு உயரத்தில் சூரிய ஒளி படுவதால் அது பளபளக்கிறது. மறுநாள் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்டது: வெண்கடலில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவிய "புலவா" ஏவுகணையின் முதல் இரண்டு கட்டங்களும் சரியாக வேலை செய்தன, மூன்றாவது கட்டத்தில் கோளாறு என்று.

வானம் காட்டிக் கொடுக்காதபோது கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கணக்கும் சில சமயம் நம்மை ஏமாற்றப் பார்க்கும். இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் வட கொரியா.

1998 ஆகஸ்டு 31 அன்று வட கொரியா ஏவிய ஒரு ராக்கெட் ஜப்பானுக்கு மேலாகப் பறந்து பசிபிக் கடல் பக்கம் போயிற்று. "ஏவுகணைச் சோதனை!" என்று ஜப்பான் அலறியது. சில நாள் கழித்து வட கொரியா அறிவித்தது: "அது ஏவுகணை அல்ல. நாங்கள் துணைக்கோள் விட்டிருக்கிறோம். அது பூமியைச் சுற்றிக்கொண்டு தலைவர்களைப் புகழும் பாடல்களை ஒலிபரப்புகிறது." அதோடு எண்களையும் கொடுத்தது. மிகக் கிட்டிய உயரம் 218.82 கி.மீ., மிகத் தொலைவான உயரம் 6978.2 கி.மீ., ஒரு சுற்றுக்கு 165 நிமிடம் 6 வினாடி.

பென்சிலை எடுங்கள், சோதித்துவிடுவோம். இரண்டு உயரங்களின் சராசரி 3598.5 கி.மீ. அதோடு பூமியின் ஆரம் 6371 கி.மீ. கூட்டினால் 9969.5 கி.மீ. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, இந்த எண்ணின் மும்மடியை 398600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.2832-ஆல் பெருக்கினால் சுற்றுக்காலம் வினாடிகளில் கிடைக்கும். போட்டுப் பாருங்கள். எனக்கு 9906 வினாடியும் கொஞ்சமும் வந்தது. அதாவது 165 நிமிடம் 6 வினாடி!

அட, அப்படியே பொருந்துகிறதே! அப்படியானால் அவர்கள் சொன்னது உண்மைதானா?

அவசரப்படாதீர்கள். என் மாணவர்களில் பாதிப்பேர் இங்கேதான் கையைத் தூக்கி "உண்மை சார்!" என்பார்கள். இந்தக் கணக்கு நிரூபிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அறிக்கை எழுதியவருக்குக் கெப்ளர் விதி தெரியும்! அந்த எண்களை அவர் மேசையில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம், நாம் இப்போது மேசையில் உட்கார்ந்து சரிபார்த்தது போல. அமெரிக்க ரேடார்கள் வானத்தைத் துழாவின. 165 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் புதிய பொருள் எதுவும் அகப்படவில்லை. மூன்றாவது கட்டம் துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் விடத் தவறிவிட்டது என்பதே அவர்கள் முடிவு. கணக்குத் தனக்குள்ளே முரண்படாமல் இருப்பது வேறு, இயற்கை அதற்குச் சாட்சி சொல்வது வேறு.

ஆனால் கவனியுங்கள். துணைக்கோள் இல்லை என்றாலும், கட்டங்கள் பிரிந்து ராக்கெட் ஜப்பானைத் தாண்டிப் போனது உண்மை. ஏவுகணை செய்ய விரும்பும் ஒரு நாட்டுக்கு அது பெரிய படி. ஆகவே துணைக்கோளாகத் தோல்வி, ஏவுகணைச் சோதனையாகப் பெருமளவு வெற்றி. நம் எஸ்.எல்.வி.-3 கதையில் வந்த அதே இரட்டை விடை! வேறுபாடு ஒன்றுதான். அங்கே தோற்ற பாதியை வென்றதாகச் சொன்னார்கள்.

எல்லாம் சரியாக நடந்தது, குறியும் தப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதோடு வழக்கு முடிந்ததா? இல்லை. ஏவுகணையின் துல்லியத்தைச் சொல்ல ஒரு வழக்கம் உண்டு. இலக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஏவியவற்றில் பாதி அந்த வட்டத்துக்குள் விழுமானால், அந்த வட்டத்தின் ஆரமே அதன் துல்லிய அளவு. பாதி என்கிறோமே, ஒரே ஒரு முறை ஏவிவிட்டுப் பாதி எது என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று: பத்துக்கு ஏழு முறை மட்டுமே ஒழுங்காகப் போகக்கூடிய ஓர் ஏவுகணை இருக்கிறது. அது தொடர்ந்து மூன்று முறை வெற்றி பெறும் வாய்ப்பு என்ன? 0.7-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 0.343. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்! ஆகவே "மூன்று முறையும் வெற்றி" என்று செய்தி வந்தாலும், பத்துக்கு மூன்று முறை காலை வாரும் பொருளாக அது இருக்கலாம். ஏவுகணை விலை அதிகம், கல்லைப் போல நூறு முறை எறிந்து பார்க்க முடியாது. எனவேதான் தரையிலேயே ஒவ்வொரு வால்வையும் ஒவ்வொரு கம்பியையும் பல நூறு முறை சோதிக்கிறார்கள்.

இவ்வளவு நியாயம் பேசும் நானும் ஒரு காலத்தில் குற்றவாளிதான். பட்டப்படிப்பு முதலாண்டில் தனி ஊசல் சோதனை. ஊசலின் நீளத்துக்கும் அலைவு நேர வர்க்கத்துக்கும் வரைபடம் போட வேண்டும், நேர்கோடு வர வேண்டும். ஆறு புள்ளிகளில் ஐந்து கோட்டில் உட்கார்ந்தன, ஒன்று மட்டும் கீழே நின்றது. நேரமாகிவிட்டது, ரப்பரை எடுத்தேன். அந்தப் புள்ளியைக் கோட்டின் மேலேயே வைத்துவிட்டேன். எங்கள் பேராசிரியர் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இந்த ஒரு புள்ளி மட்டும் ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கே?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. பழைய எண்ணை எழுதச் சொன்னார். எழுதினேன். வர்க்கம் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. அதாவது நேரத்தில் ஐந்து சதவீதம் குறைவு. இருபதில் ஐந்து சதவீதம் என்றால் ஒன்று! இருபது அலைவுகள் எண்ண வேண்டிய இடத்தில் பத்தொன்பது எண்ணிவிட்டு நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தியிருக்கிறேன். நான் அழித்த புள்ளியில்தான் அன்றைய ஒரே புதிய செய்தி இருந்தது.

அடுத்த முறை இத்தகைய சோதனைச் செய்தி வரும்போது பத்திரிகையை வெட்டி ஒட்டி வையுங்கள். ஏவும் முன் எதைச் சோதிப்பதாகச் சொன்னார்கள் என்று ஒரு பக்கம், ஏவிய பின் என்ன சொன்னார்கள் என்று மறுபக்கம். "நோக்கங்கள் அனைத்தும் நிறைவேறின" என்று இருந்தால், நோக்கங்கள் எவை என்று எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சிலவற்றைச் சொல்லாமல் விடுவார்கள், அது எந்த நாட்டிலும் உண்டு. அப்போது அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். நீங்களாக எதையும் நிரப்ப வேண்டாம்.

எங்கள் தெரு வழக்குக்கு மேல்முறையீடும் ஆயிற்று. தீபாவளிக்கு மறுநாள் மாலை, மிச்சமிருந்த ஒரு ராக்கெட்டை அந்தச் சிறுமி வாங்கிக்கொண்டு வந்தாள். பற்ற வைக்கும் முன் சிலேட்டில் மூன்று வரி எழுதினாள்: தென்னையைத் தாண்ட வேண்டும், கண்மாய்ப் பக்கம் போக வேண்டும், வெடிக்க வேண்டும். ராக்கெட் தென்னையைத் தாண்டியது. கண்மாய்ப் பக்கமும் போயிற்று. புஸ் என்று அணைந்து தண்ணீரில் விழுந்தது. பையன்கள் இருவரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அவள் முதல் இரண்டு வரிகளுக்கு எதிரே சரி என்ற குறியும் மூன்றாவதற்கு எதிரே பெருக்கல் குறியும் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "மருந்து ஈரமா இருந்திருக்குமோ சார்? நேத்து ராத்திரி வாசல்லேயே கிடந்துச்சு" என்றாள்.